பங்கோருக்கு வழி திறந்த நட்பு



"ராஜா அப்துல்லா ஆங்கிலேயரை ஏன் அழைத்தார், ஐயா?" பாலிக் புலாவில் என்னிடம் பயின்று, இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள். அரியணைக்காக என்பது சரியான விடைதான். ஆனால், யார் துணையோடு அழைத்தார் என்பதையும் நாம் சொல்லித்தர வேண்டும்.

பேராக்கின் லாருட் வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் குழுக்கள் 1861 முதல் மோதின. சுரங்கங்கள் அங்கே, அவற்றுக்கு முதலீடு செய்து, போருக்கும் பொருள் கொடுத்த வணிகர்கள் நம் பினாங்கில். 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் வீதிகளிலேயே கலவரம் மூண்டது. கீ ஹின்னுடன் வெள்ளைக்கொடிச் சங்கமும், எதிரணியான தோ பே கோங்குடன் செங்கொடிச் சங்கமும் நின்றன. அக்கொடிச் சங்கங்களில் மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் இருந்தனர். தோ பே கோங் தலைவர் கூ தியன் தெய்க்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை குறைக்கப்பட்டது; பின்னாளில் அவர் மீண்டும் பெருவணிகராக விளங்கினார்.

1871இல் சுல்தான் அலி மறைந்தபோது, ராஜா மூடாவான அப்துல்லாவை விடுத்து இஸ்மாயிலைச் சுல்தானாக்கினர். ஆதரவு தேடிய அப்துல்லா, 1873இல் சிங்கப்பூர் சென்று வணிகர் தான் கிம் செங்கைச் சந்தித்தார். தாம் சுல்தானானால் லாருட்டில் வரி வசூலிக்கும் உரிமையைப் பத்தாண்டுகளுக்குத் தருவதாக வாக்களித்தார். கிம் செங்கின் நண்பர் டபிள்யூ. எச். ரீட் என்னும் பிரிட்டிஷ் வணிகர். இவ்விருவரின் துணையால், பிரிட்டிஷ் ஆலோசகர் ஒருவரை வேண்டும் கடிதம் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கைச் சென்றடைந்தது. தலையிடும் எண்ணம் லண்டனுக்கு முன்பே இருந்தது. அதற்கு வேண்டிய காரணத்தைக் கடிதம் கொடுத்தது.

1874 ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்துல்லா சுல்தானானார். ஆனால், சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக அனைத்திலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டியவரானார். முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்டார். அப்துல்லா சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அந்த ஆட்சியே 1885இல் தைப்பிங் - போர்ட் வெல்ட் இருப்புப்பாதையைத் திறந்தது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். சிலரின் நட்பும் இலாபக் கணக்கும் திறந்த வழியில், எதையும் முடிவு செய்யாத எளியோர் உழைக்க வந்தனர்.

ஆகவே, ஒப்பந்தத்தின் ஆண்டை மனனம் செய்யும் பிள்ளையிடம் இன்னும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: கடிதத்தை யார் கொண்டு சேர்த்தார்? அதனால் யாருக்கு என்ன கிடைக்கவிருந்தது? வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.