கணினியின் கணக்கும் எங்கள் தமிழும்

2018ஆம் ஆண்டு, திராவிட மொழிகளின் வயதைக் கணினியால் கணித்த ஆய்வொன்று வெளிவந்தது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரோடு இந்தியாவின் விஷ்ணுப்பிரியா கோலிப்பாக்கமும் சேர்ந்து செய்தது. 20 மொழிகள், ஒவ்வொன்றிலும் 100 அடிப்படைப் பொருள்களுக்கான சொற்கள். அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 வயது என்பது முடிவு.

முறை எளியது. நாங்கள் கண் என்பதைத் தெலுங்கர் கன்னு என்பர். பலூசிஸ்தானில் பிராகுயி பேசும் முஸ்லிம்கள் ஃகன் என்பர். மூன்றும் ஒரே வேரா என்று மொழியறிஞர் முதலில் தீர்மானிக்கிறார். அந்த அட்டவணைக்குப் பொருந்தும் கிளைமரங்களைக் கணினி தேடுகிறது.

இத்தகைய கணக்கில் இரவற்சொல் உறவுக்குச் சான்றாகாது. பிராகுயியில் இரண்டும் மூன்றும் இரட், முசிட். நான்கிலிருந்து ஈரானிய எண்கள். வயதைக் கணிக்க முன்னவை போதும். அந்த மக்கள் யாரோடு வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்வது பின்னவைதான்.

எங்கள் நிலையும் இதுதான். வத்தளை, மாபோலைப் பிள்ளைகள் வகுப்பில் வாப்பா, உம்மா, ராத்தா என்கிறார்கள். தொழுகை, நோன்பு, ஓதுதல் எல்லாம் தமிழ். கிதாபு, மௌத்து அரபு. பெருநாள் தொதல் மலாய். கண்ணுக்கு நாங்களும் கண் என்றுதானே சொல்றோம்? 100 சொற்பட்டியலில் எங்களுக்குத் தனிக்கிளை கிடைக்காது. எங்கள் வரலாறு அதற்கு வெளியே கிடக்கிறது.

அதைக் கணக்கிடும் வழியும் உண்டு. அறபுத்தமிழ் ஏடுகளில் அரபுச் சொல் மூல எழுத்துக்கூட்டலோடு நிற்கும். அதிலே பகரத்துக்கும் ஃபேக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழ் எழுத்திலோ ஃபஜ்ர் பஜ்ர் ஆகிறது, கிதாப் கிதாபு ஆகிறது. இரண்டு வகை நூல்களையும் ஆண்டுவாரியாக அடுக்கி எண்ணினால், எந்தச் சொல் எப்போது எங்கள் வாய்க்குப் பழகியது என்பது தெரியவரும். சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' 1882இல் தொடங்கியது. அவரது 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. தொடங்க இவை நல்ல இடம்.

ஆனால் வருடிய பக்கம் கணினிக்கு வெறும் படம். 2005 முதல் நூலகம் நிறுவனம் பல்லாயிரம் ஏடுகளைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அவற்றை எழுத்துவடிவமாக மாற்றினால்தான் எண்ண முடியும். அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர் வாசிக்க, ஒரு மாணவர் தட்டச்சிட, வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். வீட்டில் பழைய கிதாபு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.