விடுதலை பெற்றாள்; வீடு எங்கே?

வரலாறு என்றதும் மாணவர் நினைவுக்கு வருவன முடிகளும் படைகளுமே. விக்டோரியா அரசி முடிசூடிய ஆண்டைத் தயங்காமல் கூறுவர். அந்த அரசியின் சிறைகளிலிருந்து வெளிவந்த ஏழைப் பெண் அன்றிரவு எங்கே படுத்தாள் என்று கேட்டாலோ விழிப்பர். பாட நூலில் இடம் பெறாத அந்தக் கேள்வியை இங்கே எழுப்புகிறோம். ஏனெனில், ஒரு சமுதாயத்தின் பண்பு அதன் அரண்மனை வாயிலில் தெரிவதில்லை, சிறைவாயிலில் தெரிகிறது.

திருடியவளுக்குச் சில திங்கள், குடித்துத் தெருவில் கிடந்தவளுக்குச் சில நாள் என்று நீதிமன்றம் கணக்கிடுகிறது. நாள் முடிந்ததும் கதவு திறக்கிறது. தண்டனை தீர்ந்தது என்கிறது சட்டம். தீர்ந்ததா? கையிலே காசில்லை, தலைக்கு மேலே கூரையில்லை. "சிறைக்குப் போனவள்" என்ற பெயர் மட்டும் பின்தொடர்கிறது. அவளுக்காகத் திறந்திருப்பவை இரண்டே கதவுகள். ஒன்று மதுக்கடை, மற்றொன்று, மீண்டும் அதே சிறை!

இங்கிலாந்திலே இந்தக் கொடுமையைக் கண்டு கலங்கியவர் எலிசபெத் பிரை. 1813இல் இலண்டன் நியூகேட் சிறைக்குள் நுழைந்த அவர், பெண்களும் அவர்தம் குழந்தைகளும் மந்தைபோல் அடைக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டார். 1817இல் சங்கம் ஒன்று நிறுவிக் குழந்தைகளுக்குப் பள்ளியும் பெண்களுக்குத் தையல் வேலையும் தந்தார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் குழுவின் முன் சான்று கூறினார். பெண் கைதிகளைப் பெண்களே கண்காணிக்க வேண்டும் என்று 1823ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1845இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் 1849இல் ஹாக்னியில் எழுந்த நினைவுச் சின்னம் வெறுங் கல்லன்று. சிறை நீங்கிய பெண்கள் தங்குவதற்கான இல்லம்!

அதற்கு ஈராண்டு முன்பே, 1847இல், ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் மற்றோர் இல்லம் திறக்கப்பட்டிருந்தது. பொருள் தந்தவர் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்னும் செல்வச் சீமாட்டி. திட்டம் தீட்டி நடத்தியவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். தந்தை கடனுக்காகச் சிறைப்பட, பன்னிரண்டு வயதில் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். சிறையின் நிழல் ஒரு குடும்பத்தின்மீது எவ்வாறு விழும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

யுரேனியா இல்லம் எனப்பட்ட அவ்விடத்தில் வீடற்றவர்களும் சிறையிலிருந்து வந்தவர்களும் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருத்திக்கும் தனிப் படுக்கை, எழுத்தும் படிப்பும், சமையலும் சலவையும், வளர்ப்பதற்கு ஒரு தோட்டம். கடந்த காலத்தைப் பணியாளர் கிளறக் கூடாது என்பது விதி. உண்மை, உழைப்பு, மதுவடக்கம், தூய்மை முதலிய ஒன்பது தலைப்புகளில் மதிப்பெண் உண்டு; அது பணமாகி அவர்கள் பெயரில் சேரும். 1853இல் டிக்கன்ஸ் கணக்குக் காட்டினார்: வந்து சென்ற 56 பேரில் 30 பேர் புதுவாழ்வில் நிலைத்திருந்தனர். மற்றோர் விலகினர், விலக்கப்பட்டனர், தவறினர். அதையும் அவர் மறைக்கவில்லை.

ஆனால், ஒன்றை மறவாதீர்! பயிற்சி முடிந்த பெண்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஏன்? திருந்தியவளுக்கும் சொந்த ஊரில் இடமில்லை! அவள் மாறினாள், ஊர் மாறவில்லை.

குடிநோய்க்கு என்ன செய்தார்கள்? ஜேன் கேக்பிரெட் என்ற வீடற்ற மூதாட்டி, குடித்த குற்றத்திற்காக ஏறத்தாழ 280 முறை கூண்டேற்றப்பட்டவர். சர்ரே மாவட்டத்து டக்ஸ்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் லேடி ஹென்றி சாமர்செட் 1895இல் குடிநோய்ப் பெண்களுக்கெனச் சிறுசிறு வீடுகளும் தோட்டமும் கொண்ட சிற்றூர் ஒன்றை அமைத்தார். ஜேனுக்கும் அங்கே இடமளித்தார். காலம் கடந்துவிட்டது, அவரால் அங்கு நிலைக்க முடியவில்லை. 1898இல் மனநோய் மருத்துவமனையில் உயிர் நீத்தார். தண்டிக்க வேண்டியவளல்லள், மருந்து வேண்டியவள் என்று தெரிந்துகொள்ள 280 வழக்குகளா தேவை?

அதே 1898இல் புதுச் சட்டம் வந்தது. குற்றம் புரிந்த குடிகாரர்களை மூன்றாண்டுவரை சீர்திருத்த நிலையங்களில் அடைக்கலாம் என்றது. அடைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். குடித்தவர் ஆண்களும் பெண்களும், பூட்டப்பட்டவர் பெண்கள்! பூட்டு வலுவாக இருந்தது. வெளியே காத்திருந்த வறுமையும் அவ்வாறே வலுவாக இருந்தது. 1921க்குள் அந்நிலையங்கள் யாவும் மூடப்பட்டன.

பழங்கதை என்று எண்ணிவிடாதீர். 2002 ஆகஸ்ட் தொடங்கி ஓராண்டுக்குள் இங்கிலாந்தின் ஸ்டையல் சிறையில் ஆறு பெண்கள் மாண்டனர். அதன் விளைவாக ஆராய்ந்த ஜீன் கார்ஸ்டன் 2007இல் 43 பரிந்துரைகளைத் தந்தார். பெரிய சிறைகளை விடுத்துச் சிறு இல்லங்களும், உறைவிடம், மருத்துவம், வேலை ஆகிய அனைத்துக்கும் வழிகாட்டும் பெண்கள் நடுவங்களும் வேண்டும் என்றார். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாவலாசிரியர் நடத்திக் காட்டியதன் சாரம் இது!

இதற்குள் போதையின் வடிவமும் மாறிவிட்டது. ஹெராயினுக்கு அடிமையான பெண் சிறையில் அதை விட்டிருந்தால், அவள் உடல் பழைய அளவைத் தாங்காது. ஆகவே விடுதலையான முதல் இரு வாரங்களே உயிருக்குப் பேரிடர் நிறைந்தவை. அந்நிலையில் வெள்ளிக்கிழமை வெளியே விட்டால் என்னாகும்? மருத்துவமனைப் பிரிவும் வீட்டுவசதி அலுவலகமும் மூடும் நேரம். திங்கள்வரை தெருவே கதி. அந்த நாளைத் தவிர்த்து இரண்டு நாள்வரை முன்னதாக விடுவிக்க 2023இல்தான் சட்டம் பிறந்தது. விடுதலையாவோர்க்குத் தரும் தொகையோ நெடுங்காலம் 46 பவுனாகவே கிடந்து, 2021இல் 76 ஆயிற்று. இலண்டனில் அது எத்தனை இரவுக்கு வாடகையாகும்?

மீண்டும் சிறைக்குச் சென்றவளைப் பார்த்து, "அவள் தலையெழுத்து" என்போர் உண்டு. எழுதியது எந்தக் கை? வீடு தராத கை. வேலை மறுத்த கை. நோயைக் குற்றமென்று பதிந்த கை. இருநூறாண்டு வரலாறு நமக்குக் கூறுவது இதுவே: முதலில் கூரை, உடனே மருத்துவம், பின்னர் தொழில், என்றும் மதிப்பு. இவை கிடைத்தபோது பலர் நிமிர்ந்தனர். பூட்டு மட்டும் கிடைத்தபோது மீண்டும் விழுந்தனர்.

எனவே, இளைஞர்களே! "அவள் ஏன் திருந்தவில்லை?" என்று எவரேனும் கேட்டால், விடை கூற விரையாதீர். "வெளிவந்த அன்றிரவு அவள் எங்கே உறங்கினாள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.