ஸ்கார்ஃபைக் கழற்றினால் போதுமா?

இன்னைக்கு எபிசோடை என் ஸ்கூல் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். நான் சாரணர் படையில் இருந்தவன். கேம்ப் நடக்கும்போது எங்க ஸ்கவுட் மாஸ்டர் டீக்கடைக்குப் போவார். சிகரெட் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, கழுத்துல இருக்கிற ஸ்கார்ஃபைக் கழற்றி, மடிச்சு, பாக்கெட்ல வெச்சுக்குவார். நாங்க மரத்துக்குப் பின்னாடி நின்னு பார்த்துச் சிரிப்போம். ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று அப்போது புரியவில்லை.

அதுக்கு நூறு வருஷக் கதை இருக்கு. 1907-ல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களை வைத்து முதல் முகாம் நடத்தினார். அடுத்த வருஷம் வந்த 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' புத்தகத்திலேயே சாரணனுக்குப் புகை ஆகாதுன்னு எழுதிட்டார். சரி, பெரியவங்களுக்கு? ஸ்கவுட் மாஸ்டர்களுக்கென்றே பிறகு அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்: பையன் உங்க பேச்சைக் கேட்டுக் கத்துக்க மாட்டான், உங்களைப் பார்த்துக் கத்துக்குவான். அதாவது, தலைவரின் நடத்தைதான் பாடம்.

நல்ல யோசனை. ஆனா அதுல ஒரு ஓட்டை இருந்தது. அந்தத் தலைவர் நல்லவர்னு யார் சொல்றது? யூனிஃபார்மே சொல்லிடுது. பிள்ளையைக் கேம்ப்புக்கு அனுப்பும் பெற்றோர் ஆளை விசாரிப்பதில்லை, சட்டையைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு அமெரிக்காவில் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். அங்கிருந்த சாரணர் அமைப்பு, தகுதியில்லை என்று நீக்கிய பெரியவர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது. அதில் ஏராளமானவை பாலியல் அத்துமீறல் புகார்கள். பல சமயம் போலீஸுக்குக்கூடச் சொல்லவில்லை. ஓரிகன் மாநில உச்ச நீதிமன்ற உத்தரவால், 1965-லிருந்து 1985 வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் 2012-ல் வெளியே வந்தன. 2020-ல் அமைப்பு திவால் மனு போட்டது. இழப்பீடு கேட்டு வந்தவர்கள் 80,000 பேருக்கும் மேல்.

இன்னைக்கு அங்கே விதி வேற மாதிரி. எப்பவும் குறைந்தது இரண்டு பெரியவங்க இருக்கணும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியா இருக்கக் கூடாது. பிள்ளைங்க இருக்கிற நிகழ்ச்சியில மது கூடாது. பிரிட்டனில் பெரியவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையை ஒரு மஞ்சள் அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

"நல்ல மனுஷனையும் சந்தேகப்படுறதா?" என்று கேட்கலாம். இல்லைங்க. நீங்க நல்லவரா கெட்டவரான்னு இந்த விதி கேட்கவே இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதால்தான் அது வேலை செய்யுது.

எங்க மாஸ்டர் மேல எனக்கு இப்பவும் மரியாதை உண்டு. அந்த ஸ்கார்ஃப் தன்னோட சொந்தச் சொத்து இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. ஆனா ஸ்கார்ஃப் பாக்கெட்டுக்குப் போன பிறகும் எங்க கண்ணுக்கு அவர் மாஸ்டர்தான்.

உங்க வீட்டுப் பிள்ளை அடுத்த தடவை கேம்ப்புக்குக் கிளம்பினா, சட்டையைப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. "ராத்திரி எத்தனை பெரியவங்க கூட இருப்பீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.