விலை சொல்ல முடியாத சரக்கு: சேர்வராயன் மலையில் காப்பி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சேலம் சீமையில் வெள்ளைக்காரர்கள் மூன்று சரக்குகளை நம்பி இறங்கினார்கள். இரும்பு, அவுரி, காப்பி. இரும்பும் அவுரியும் நொடித்துப்போயின. காப்பி மட்டும் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் இன்னும் களத்தில் காய்கிறது.

மூன்றில் அதிக ஆரவாரத்தோடு தொடங்கியது இரும்புதான். ஜோசையா மார்ஷல் ஹீத் கும்பினி உத்தியோகத்தை உதறிவிட்டு, சேலத்து மலைகளின் இரும்புக்கல்லை நம்பி 1830-இல் பறங்கிப்பேட்டையில் உருக்காலை வைத்தவர். கல் உயர்ந்த ரகம். அதை உருக்கத்தான் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். சுற்றுவட்டாரத்து மரம் தீரத் தீரக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள், அவருக்கு மிஞ்சியது வழக்கு. 1851-இல் அவர் இறந்தார். ஆலையும் பிறகு நெடுநாள் தாங்கவில்லை. அவுரியின் கதை இன்னும் சுருக்கம்: 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, தென்னாட்டு அவுரித் தொட்டிகள் வறண்டன.

காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் எம்.டி. காக்பர்ன் வியாபாரியே அல்ல. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். காப்பி, ஆரஞ்சு, பேரி என்று எது இந்த மண்ணில் பிடிக்கும் என்று நட்டுப் பார்த்தார். முதல் காப்பித் தோட்டம் என்ற பெயர் கிரேஞ்ச் எஸ்டேட்டுக்கு. செடி பட்டுப்போனாலும் கலெக்டருக்குச் சம்பளம் வரும். புதுப் பயிரின் ஆபத்தை முதலில் சுமந்தது சர்க்கார் என்பது இந்தத் தொழிலுக்கு வாய்த்த பேரதிர்ஷ்டம். அவருக்குப் பின்னால் சொந்தப் பணத்தோடு மலையேறியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

மலை ஆளில்லாமல் கிடக்கவும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் மரபுக் கதையில் சொல்லும், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் கேழ்வரகும் சாமையும் விளைத்துவந்த மலை இது. எஸ்டேட்டுகள் பெருகப் பெருக அவர்களில் பலர் அங்கே கூலிக்குப் போனார்கள். துரைமார் பெயர்களோடு இவர்கள் பெயர்களும் வரலாற்றில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை.

காப்பிக் கணக்கு புதிதாக இறங்குபவனை மிரட்டும். நட்ட செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டு ஆகும், அதுவரை எல்லாம் செலவுதான். பிறகும் பங்குனி, சித்திரை மழை நாள் பார்த்துப் பெய்தால்தான் பூ. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பழம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை என்பதால் ஒரே செடிக்கு நான்கைந்து முறை ஆள் போகவேண்டும். வரும்படி வருஷத்துக்கு ஒரு தடவை, கூலியோ வாராவாரம். இந்த இடைவெளியைக் கடன் இல்லாமல் தாண்டியவர்கள் குறைவு.

1860-களில் குடகிலும் வயநாட்டிலும் தண்டுத் துளைப்பான் தோட்டம் தோட்டமாகச் செடிகளைக் கொன்றது. மதராஸ் சர்க்கார் அனுப்பிய டாக்டர் ஜார்ஜ் பிடி பார்த்துச் சொன்னது எளிமையான விஷயம்: நிழல் மரங்களை வெட்டி, வெயிலில் காப்பியை நட்டதன் விளைவு இது. மரத்தை வெட்டினால் காய்ப்பு கூடும், அது உண்மை. கூடுவது சில வருஷங்களுக்குத்தான். 1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் தென்பட்டது. அங்கே காப்பியே அழிந்து தேயிலை வந்தது. நோய் தென்னிந்தியாவுக்கும் வந்தது. 1890-களின் கடைசியில் பிரேசில் மூட்டை மூட்டையாகக் குவித்ததில் உலக விலையும் சரிந்தது. பல மலைகள் தேயிலைக்கும் ரப்பருக்கும் மாறின. சேர்வராயன் மலை காப்பியைக் கைவிடவில்லை.

அது பிழைத்ததற்கு லண்டன் சந்தையைவிட உள்ளூர் அடுப்படி பெரிய காரணம் என்று சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பழையது போய் டபராவும் டம்ளரும் வந்ததைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மலையடிவாரத்தில், சேலத்தில், 1926-இல் வி.எல். நரசு வறுத்து அரைத்த காப்பித்தூள் வியாபாரத்தைத் தொடங்கினார். பின்னாளில் ‘பேஷ் பேஷ்’ விளம்பரத்தால் தமிழ்நாடே அறிந்த நரசுஸ் அதுதான். கொட்டையை வாங்கி, வறுத்து, சிக்கரி கலந்து, பொட்டலம் கட்டிப் பெயர் போட்டவர் தன் சரக்குக்குத் தானே விலை சொன்னார். மேலே மரத்தடியில் அதை விளைவித்தவரால் அது முடியவில்லை. இந்த மலையின் தொழில் வரலாற்றில் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

யுத்தகாலத்தில், ஏற்றுமதி முடங்கியபோது, 1942-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பி வாரியத்தின் கையில் விற்பனையைக் கொடுத்தது. விளைந்ததெல்லாம் பொதுக் கிடங்குக்குப் போகும், வாரியம் ஏலம் விடும், பணம் தவணை தவணையாக வரும். விலை அதலபாதாளத்துக்குப் போகாது என்ற நிம்மதி இருந்தது. ஆனால் அருமையாகப் பக்குவம் பார்த்துக் காயவைத்தவரின் கொட்டையும் ஏனோதானோவென்று உலர்த்தியவரின் கொட்டையும் தரம் பிரித்த பிறகு ஒரே குவியலில் சேர்ந்தன. தோட்டத்தின் பெயர் அங்கேயே தொலைந்தது. ஐம்பது வருஷம் இப்படி ஓடினால் விற்கத் தெரியாத விவசாயிகள்தான் உருவாவார்கள், உருவானார்கள்.

1989-இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடுகள் முறிந்தன. இந்தியக் காப்பியைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் யூனியன் 1991-இல் கலைந்தது. வாரியத்தின் பிடி படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் எல்லா விவசாயிகளும் தங்கள் சரக்கு முழுவதையும் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்றானது. சுதந்திரம் வந்த கொஞ்ச நாளிலேயே சோதனையும் வந்தது: 2001-இல் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அதே சரக்கு 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. இரண்டுக்கும் ஏற்காட்டில் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.

ஆகவே இங்கே தாக்குப்பிடித்தவர்கள் காப்பியை மட்டும் நம்பாதவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் முதலில் நிழலுக்காக நடப்பட்டது. அதன் நேரான தண்டில் மிளகுக்கொடி ஏறியது. முதிர்ந்தால் மரமும் விலைபோகும். காப்பி கவிழ்ந்த வருஷங்களில் மிளகு கூலிக்கு உதவிய தோட்டங்கள் பல. அண்மைக் காலத்தில் பழைய பங்களாக்களில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சேலத்து, பெங்களூருக் குடும்பங்கள் வார இறுதியில் கொடுப்பது ரொக்கம். பருவமழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் வருத்தம் ஒன்று உண்டு: அறைகள் நன்றாக ஓடும் தோட்டத்தில் கவாத்து தள்ளிப்போகிறது.

பறிப்புக்கு ஆள் கிடைப்பது இன்றைய பெருங்கவலை. மலைக் கிராமங்களின் இளைஞர்கள் கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். காட்டெருமைகள் வேறு தோட்டங்களுக்குள் இறங்குகின்றன. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிக் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழத்தை அன்றன்றே வியாபாரியிடம் போட்டால் கையில் காசு. தோல் நீக்கி, கழுவி, களத்தில் பத்து நாள் காயவைத்தால் கூடுதல் விலை. ஆனால் தோல் நீக்கும் இயந்திரமும் தண்ணீரும் சிமெண்டுக் களமும் வேண்டும், மழை வந்தால் ஓடிவந்து மூட ஆளும் வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இடமில்லை. பழம் மரத்தில் இருக்கும்போதே அது யாருக்கு என்பது முடிவாகிவிடுகிறது.