ஒரே முகம் கொண்ட இரு நோய்கள்

திருப்பூரில் பனியன் தைக்கும் இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். ஓவர்லாக் பொறியின் முன் அமர்ந்தவன் அடிக்கடி எழுந்து கழிப்பிடம் செல்கிறான். அடிவயிற்றில் வலி, ஓயாத கழிச்சல், மாலைக் காய்ச்சல். சில திங்களில் உடல் மெலிந்துவிடுகிறது. தைத்த உருப்படிக்கே கூலி என்றால், எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு இழப்பே. ஆதலால் நோயை மறைக்கிறான். தாங்க முடியாத நாளில் மருத்துவரிடம் வருகிறான். இது குடலைப் பற்றிய காசநோயா, அன்றிக் கிரோன் நோயா என்னும் வினா அம்மருத்துவர்முன் எழுகிறது. அவ்வினாவின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தார். சிறுகுடலின் கடைப்பகுதி தடித்துச் சுருங்கியிருக்கக் கண்டபோது, மருத்துவர் பலரும் அதனைக் காசநோய் என்றே கொண்டனர். ஆனால் சில நோயாளிகளிடம் கிருமி அகப்படவேயில்லை. 1913இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் அத்தகையோரைப் பற்றி எழுதி, இது வேறொரு நோயாகலாம் என்றார். அவர் சொல் அன்று பெரிதாக எடுபடவில்லை.

அவ்வினாவை மீண்டும் எழுப்பியவர்களுள் ஒருவர் பரில் கிரோன். 1884இல் நியூயார்க்கில் பிறந்தவர். பல உடன்பிறந்தாரோடு வளர்ந்தவர். செரிமானக் கோளாற்றால் தம் தந்தை பட்ட துன்பத்தைக் கண்ட இரக்கமே அவரை மருத்துவத்தின்பால் ஈர்த்தது. மவுண்ட் சினாய் மருத்துவமனையில் அவரும், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் இருவரும் சேர்ந்து பதினான்கு நோயாளிகளின் வரலாற்றை 1932இல் வெளியிட்டனர். இது காசநோய் அன்று, தனி நோய் என்று அவர்கள் நிறுவினர். மூவர் பெயரும் அகரவரிசையில் அச்சாயின. கிரோன் பெயர் முதலில் நின்றதால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது! அந்நோயாளிகளுக்கு அறுவை செய்த பெர்க் என்பார், தாம் எழுதாத கட்டுரையில் தம் பெயர் வேண்டா என மறுத்துவிட்டார் என்பர்.

இந்நோய்க்கு ஓர் உறவினர் உண்டு. பெருங்குடலின் உட்பரப்பை மட்டும் புண்ணாக்கும் அழற்சி அது. கிரோன் நோயோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றலாம். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்கலாம். இரண்டும் தணிவதும் தலைதூக்குவதுமாக நெடுங்காலம் நீடிப்பவை. சுவீடனின் நானா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவர் மூட்டுவாதத்திற்கென முயன்ற சல்ஃபாசலசீன், பெருங்குடல் அழற்சிக்குப் பயன்பட்டது. 1955இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் ஆகிய இருவர், அவ்வழற்சியைக் கார்ட்டிசோன் தணிக்கும் என்று முறையான ஆய்வால் காட்டினர்.

மருந்து கிடைத்தபின் நோயைப் பிரித்தறிவது இன்னும் இன்றியமையாததாயிற்று. கார்ட்டிசோன் இனத்து மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தணித்தே அழற்சியை அடக்குகிறது. இருப்பது காசநோயாயின், அதனையே கொடுத்தால் கிருமி பெருகிப் பரவும். மாறாக, கிரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்தையே கொடுத்துவந்தால், அத்திங்கள்களில் குடல் மேலும் சுருங்கக்கூடும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இத்தடுமாற்றம் அன்றாடச் செய்தி.

இதற்கு ஒளி காட்டியவற்றுள் ஒன்று நம் தமிழ்நாட்டு ஆய்வே என்பது நமக்குப் பெருமை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அன்னா புலிமூட், பி. எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் 1999இல் அதனை வெளியிட்டனர். உள்நோக்குக் குழாய் வழியே கிள்ளியெடுத்த குடற்சதைத் துணுக்குகளை அவர்கள் நுண்நோக்கியில் ஒப்பிட்டனர். காசநோயில் அழற்சி முடிச்சுகள் பெரியனவாய், ஒன்றோடொன்று இணைந்து, சில நடுவே நொய்ந்து காணப்படும். கிரோன் நோயில் அவை சிறியனவாய், அரிதாய்த் தனித்து நிற்கும். ஆயினும் எல்லாத் துணுக்கும் தெளிவான விடை தருவதில்லை. ஐயம் தீராதபோது காசநோய் மருந்தை முதலிற் கொடுத்து, சில திங்கள் கழித்துக் குடலை மீண்டும் நோக்கிப் புண் ஆறிற்றா என்று காண்பதும் உண்டு.

2022 சனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர்க் கல்லூரியும் ஒன்று. அங்குப் பயிலும் மாணவரும், பிற மாணவரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். தந்தையின் வலியைக் கண்டு மருத்துவரானவர் கிரோன். அவர் வழி நடப்போர், நோயாளியின் குடலை நோக்குமுன் அவன் செய்யும் தொழிலை வினவ வேண்டும். எழுந்து செல்ல அஞ்சும் இளைஞன் தன் துன்பத்தை முழுதும் சொல்லான். அவனைச் சொல்ல வைப்பதே மருத்துவத்தின் முதற்படி.