வெட்டுண்ட நகரம்

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' என்னும் ஜெர்மானிய மௌனப் படம் 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது அதன் நீளம் 4,189 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அறிவியல் புனைவுப் படங்களின் முன்னோடி என்று போற்றப்படும் இப்படைப்பு, அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைப்பட்ட வடிவிலேயே உலகைச் சுற்றியது. அந்நிலையிலும் அதன் ஈர்ப்பு மங்காமல் இருந்ததே வியப்புக்குரியது.

வானளாவிய மாளிகைகளில் செல்வர்களும் நிலத்தடியில் தொழிலாளரும் வாழும் ஒரு நகரில், ஆட்சியாளன் ஃபிரெடர்சனின் மகன் தொழிலாளர் பக்கம் சாய்வதும், அவர்கள் நம்பும் மரியா என்ற பெண்ணின் முகத்தைக் கொண்ட இயந்திரப் பெண் அவர்களைக் கலகத்துக்குத் தூண்டுவதும் கதை. மூளைக்கும் கைக்கும் இடையே இதயம் தூது செல்ல வேண்டும் என்று படம் முடிகிறது. லாங்கின் மனைவி தேயா ஃபான் ஹார்போ எழுதிய இந்த முடிவு, முதலாளியையும் தொழிலாளியையும் ஒரு கைகுலுக்கலில் சேர்த்துவைத்துவிடுவதால் அன்றே பலருக்கு ஒவ்வவில்லை. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் படத்தைக் கடுமையாகச் சாடினார். லாங்கும் பிற்காலத்தில் அம்முடிவை ஏற்கவில்லை. ஆகவே படத்தை வாழவைத்தது அதன் கருத்து அன்று, காட்சிகளே என்று துணிந்து கூறலாம்.

அக்காட்சிகளுள் பல, ஒளிப்பதிவாளர் ஓய்கன் ஷுஃப்டானின் பெயரால் வழங்கும் கண்ணாடி உத்தியால் அமைந்தவை. படக்கருவிக்கு முன் 45 பாகை சாய்வில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, பக்கவாட்டில் வைத்த சிறிய மாதிரிக் கட்டடம் அதில் தெரியுமாறு செய்வார்கள். பிறகு நடிகர்கள் தோன்ற வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால், அந்த வெற்றிடத்தின் வழியே தொலைவில் நிற்கும் மனிதர்களும், எஞ்சிய பரப்பில் மாதிரியின் பிம்பமும் ஒரே சட்டகத்தில் பதியும். மேசையில் அடங்கும் மாதிரி, மனிதர்களைச் சிறிதாக்கிவிடும் பெருங்கட்டடமாகத் திரையில் எழும். இயந்திரப் பெண்ணின் கவசத்தைச் சிற்பி வால்டர் ஷுல்ட்ஸே-மிட்டெண்டோர்ஃப், நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலிலிருந்து எடுத்த அச்சின்மீது, காற்றுப்பட்டால் இறுகும் மரக்கூழ்ப் பசையால் வடித்து, உலோகம்போல் மின்னும் வண்ணம் பூசினார். அதனுள் நின்று நடித்த ஹெல்முக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வந்த பொன்னிற இயந்திர மனிதனின் தோற்றத்துக்கு இவ்வுருவமே முன்மாதிரி.

ஐம்பது இலட்சம் ரைஷ்மார்க்குக்கு மேல் விழுங்கிய இப்படத்தைத் தயாரித்த உஃபா நிறுவனம் ஏற்கெனவே கடனில் தத்தளித்து, பாரமவுண்ட், மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் ஆகிய அமெரிக்க நிறுவனங்களோடு விநியோக ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தது. அமெரிக்கத் திரையிடலுக்காக நாடக ஆசிரியர் சானிங் பொலாக் படத்தைக் குறைத்து, கதையையே மாற்றி அமைத்தார். முழுப் படத்தில், விஞ்ஞானி ரோட்வாங் காதலித்த ஹெல் என்பவள் ஃபிரெடர்சனை மணந்து மகனைப் பெற்றெடுக்கையில் இறந்துபோகிறாள். அவளை மீட்டுக்கொள்ளவே அவன் இயந்திரப் பெண்ணைப் படைக்கிறான். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒத்திருந்ததால், அவளும் அவளது கல்முகச் சின்னமும் வெட்டி எறியப்பட்டன. இரு ஆண்களின் பகைக்கான காரணம் அவளோடு போயிற்று. காதலால் பித்தேறிய ஒருவன் வெறும் மந்திரவாதியாகச் சுருங்கினான். ஜெர்மனியிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் குறுகிய வடிவமே வெளியிடப்பட்டது. 1984இல் இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் ராக் பாடல்களும் வண்ணமும் சேர்த்து எண்பது நிமிட அளவில் வெளியிட்ட வடிவம், மௌனப் படமே பார்த்திராத இளைஞர்களையும் அரங்குக்கு இழுத்தது. 2001இல் சீரமைக்கப்பட்ட வடிவம் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றபோதுகூட, கால் பங்குப் படம் என்றென்றைக்குமாக அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது.

ஆனால் வெட்டுக்கு முந்தைய பிரதி ஒன்று 1928இல் விநியோகஸ்தர் ஒருவரால் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. பின்னாளில் அதைத் திரையிட்ட திரைப்படக் கழகத்தார் ஒருவர், படச்சுருள் துள்ளாதிருக்க இரண்டரை மணி நேரம் விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டியிருந்தது என்று சொன்னதைக் கேட்ட ஆய்வாளர் ஃபெர்னாண்டோ மார்ட்டின் பேன்யா, அந்தக் கால அளவைக்கொண்டே அது முழுப் படமாக இருக்கலாம் என ஊகித்தார். 2008இல் அவரும் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தின் இயக்குநர் பவுலா ஃபேலிக்ஸ்-டிடியேயும் அங்கிருந்த சுருள்களைப் பார்த்தபோது ஊகம் மெய்யாயிற்று. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் மூலச்சுருள் அதற்குள் அகற்றப்பட்டு, 16 மில்லிமீட்டர் நகல் மட்டுமே எஞ்சியிருந்தது; மூலத்தின் கீறல்கள் அனைத்தும் அந்நகலில் படமாகவே பதிந்திருந்தன. காட்சிகளின் வரிசையை உறுதிசெய்ய, காட்சிக் குறிப்புகள் நிறைந்த காட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸின் இசைச்சுவடி உதவியது.

அந்நகலைக் கொண்டு சீரமைக்கப்பட்டு, 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினில் திரையிடப்பட்ட வடிவத்தில், ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் மீண்டன. தெளிந்த படம் திடீரென மங்கி, மழைபோல் கோடுகள் ஓட, சட்டகத்தின் ஓரம் கறுத்துக் குறுகும் இடங்களில் எல்லாம், முன்பு வெட்டப்பட்டது எது என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே அறிகிறார். துறவி ஒருவரின் பிரசங்கமும், ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் கட்டிப்புரளும் சண்டையும் இன்னும் கிடைக்கவில்லை. அவ்விடங்களில் இசை ஒலிக்க, என்ன நடந்தது என்பதை எழுத்துகள் மட்டும் சொல்கின்றன.