ஆட்டமும் ஆராய்ச்சியும்

ஒருவன் ஒரு செயலைக் கருத்தின்றிச் செய்தால், ‘விளையாட்டாய்ச் செய்துவிட்டான்’ என்று சொல்கிறோம். படிப்பில் நாட்டமில்லாத சிறுவனை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிறோம். விளையாட்டு என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் அத்துணை இளக்காரம் ஏற்பட்டுவிட்டது. ஆயினும், உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில, கணிப்பொறித் திரையில் ஆடும் ஆட்டங்களை ஆக்கியும் ஆராய்ந்தும் வந்திருக்கின்றன. அந்த வரலாறு நம் ஊர்த் திண்ணைக்கும் தொடர்புடையது என்பதனைக் கூறவே இன்று முற்படுகிறேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-இல் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற பெருங்கருவி அது. அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த ஏ. எஸ். டக்ளஸ் என்பார், மனிதனும் பொறியும் ஒருவரோடொருவர் எவ்வாறு கருத்தைப் பரிமாறிக்கொள்ளலாம் என்பது பற்றி ஆய்வுரை எழுதினார். அக்கருத்தை விளக்கும் பொருட்டு 1952-இல் ஓர் ஆட்டத்தையும் அமைத்தார். ஒன்பது கட்டம் கீறி, ஒருவர் சுழியும் மற்றவர் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் எளிய ஆட்டந்தான் அது. ஆடுபவர் தொலைபேசியின் எண்வட்டைச் சுழற்றித் தம் கட்டத்தைத் தெரிவிப்பார். பொறியோ தன் விடையை 35-க்கு 16 என்னும் அளவில் ஒளிப்புள்ளிகள் அமைந்த சிறு திரையிலே காட்டும். பொழுதுபோக்குக்காகப் பிறந்ததன்று இவ்வாட்டம். ஆய்வுரை ஒன்றின் சான்றாகவே பிறந்தது.

பத்தாண்டு கழித்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மற்றொரு நிகழ்ச்சி. 1961-இல் அக்கழகத்திற்குப் பி.டி.பி-1 என்னும் கணிப்பொறியொன்று நன்கொடையாக வந்தது. இப்புதிய பொறியின் ஆற்றலையெல்லாம் ஒருங்கே வெளிப்படுத்த வழி யாது என்று இளைஞர் சிலர் கூடி ஆராய்ந்தனர். 1962-இல் ஸ்டீவ் ரசல் என்பார் முன்னின்று, ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விண்வெளிப் போர் ஆட்டத்தை உருவாக்கினார். திரையின் நடுவே ஒரு விண்மீன். அதனைச் சுற்றி இரண்டு கலங்கள் ஒன்றையொன்று எய்து வீழ்த்த முயலும். நண்பர் ஒவ்வொருவரும் தம் பங்கைச் சேர்த்தனர். பீட்டர் சாம்சன் வானத்து மீன்களை உள்ளவாறே திரையில் பொறித்தார்; டான் எட்வர்ட்ஸ் நடுமீனுக்கு ஈர்ப்பு விசையைக் கொடுத்தார்; ஆலன் காட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் கைக்கடக்கமான விசைப்பெட்டிகளைச் செய்தனர். ஆட்டத்தை அவர்கள் காசாக்கவில்லை, கேட்டவர்க்கெல்லாம் வழங்கினர்.

காசாக்கியவர் பின்னர் வந்தனர். 1972-இல் அடாரி நிறுவனத்தின் ‘பாங்’ என்னும் ஆட்டம் கடைவீதிக்கு வந்தது. அதன்பின் திரை ஆட்டம் பெருந்தொழிலாயிற்று. தொழில் பெருகவே, இதனைக் கலையாகவும் சமுதாய வழக்காகவும் வைத்து ஆராய வேண்டுமென்ற எண்ணம் அறிஞரிடையே எழுந்தது. விளையாட்டே பண்பாட்டின் அடிப்படைகளுள் ஒன்று என்று, டச்சு நாட்டு வரலாற்றுப் பேராசிரியர் யோகான் ஹொய்சிங்கா 1938-லேயே நூல் எழுதியிருந்தார். அக்கருத்துக்குப் புதிய வாழ்வு வந்தது. கணிப்பொறி ஆட்டங்களின் ஆய்வுக்கென்றே 2001-இல் ஓர் இதழ் தோன்றிற்று. 2003-இல் கோபன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தனி ஆராய்ச்சி மையம் அமைந்தது. நம் நாட்டிலும் இத்துறை வேர்விட்டிருக்கிறது. கொல்கத்தாப் பிரசிடென்சிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த சௌவிக் முகர்ஜி, திரை ஆட்டங்கள் அடிமைப்பட்டிருந்த நாடுகளை எவ்வாறு சித்திரிக்கின்றன என்பது பற்றி 2017-இல் நூல் வெளியிட்டார். பரமபதம் போன்ற பழைய இந்திய ஆட்டங்களையும் அவர் ஆராய்ந்திருக்கிறார்.

திரை ஆட்டத்தை ஆராய்பவர் பழைய ஆட்டத்துக்கு ஏன் திரும்புகிறார்? கருவி மாறினும் ஆட்டத்தின் உள்ளுறுப்பு மாறுவதில்லை. களம், காய், நகர்வு, வெட்டு, முடிவு என்பவற்றால் ஆனதே எவ்வாட்டமும். நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தில் கேமரன் பிரவுன் தலைமையில் 2018 முதல் 2023 வரை ஒரு குழு இவ்வழியே உழைத்தது. உலகெங்குமுள்ள ஏறத்தாழ ஆயிரம் பழைய ஆட்டங்களை இத்தகைய கூறுகளாகப் பிரித்து, கணிப்பொறிக்குக் கற்பிப்பது அவர்கள் நோக்கம். விதி மறைந்துபோன பழங்களம் ஒன்று அகழ்வில் கிடைக்குமாயின், ஏற்கத்தக்க விதிகள் பலவற்றைப் பொறிக்குக் கொடுத்து, அதனைத் தன்னோடு தானே பன்முறை ஆடச் செய்வர். எவ்விதியின்படி ஆடினால் ஆட்டம் சுவையோடு முடிகிறது, எவ்விதியால் முடிவின்றி இழுபடுகிறது என்பது அதனால் புலப்படும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலே உள்ளது எங்கள் குமாரலிங்கபுரம். மழை பொய்த்துக் காட்டு வேலை ஓய்ந்த நாட்களில், மரத்தடிக் கல்லில் ஆடுபுலிக் கோடு கீறி ஆண்கள் அமர்வதும், புளியங்கொட்டையைக் கொண்டு பெண்கள் பல்லாங்குழி ஆடுவதும் இப்பக்கத்துப் பழைய வழக்கம். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும்; ஆட்டுக்கு அந்த வலிமை இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றுகூடி வழியடைத்தால் புலி அசைய முடியாது. வலிமை சமமில்லாத இருதரப்புக்கும் வெற்றி வாய்ப்பைச் சமமாக்குவது எவ்வாறு என்னும் வினா, இன்று திரை ஆட்டம் ஆக்குவோர் மண்டையை உடைத்துக்கொள்ளும் வினா. அதற்கு நம்மவர் கல்லிலே விடை கீறி வைத்தனர். பதினான்கு குழியுள்ள பல்லாங்குழியிலோ, குழிக்கு ஐந்து காய் இடுவாரும் உண்டு. ஆறு இடுவாரும் உண்டு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வர். ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடும். அவ்வேறுபாடே ஆராய்ச்சியாளர்க்கு வேண்டிய செல்வம்.

அச்செல்வம் நிலைக்குமா என்பதே கேள்வி. நம் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது; சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. கீழடியில் தந்தத்தால் ஆன பகடைக்காய் கிடைத்தது. காய்கள் மண்ணுக்கடியில் நூற்றாண்டுகள் பல தாங்கின. அவற்றைக் கொண்டு ஆடியவரின் விதிகள் அவர்தம் நாவோடு போயின.

புதிய ஆட்டங்களின் நிலை மேம்பட்டதென்று எண்ணவேண்டா. எட்சாக் 1958-இல் நிறுத்தப்பட்டது. டக்ளஸின் ஆட்டத்தை ஆடக்கூடிய பொறி அது ஒன்றே. பிற்காலத்து அறிஞர் எட்சாக்கைப் போல் நடிக்கும் கட்டளைத்தொகுதியொன்றை எழுதிய பின்னரே அவ்வாட்டம் மீண்டும் உயிர்பெற்றது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த திரை ஆட்டங்களுள் நூற்றுக்கு எண்பத்தேழு இன்று விற்பனையில் இல்லை என்று, 2023-இல் அந்நாட்டு ஆட்ட வரலாற்று அறக்கட்டளையொன்றின் ஆய்வு தெரிவித்தது. கல்லிற் கீறிய கோடு நூற்றாண்டு தாங்கும். காந்தத்தட்டில் பதிந்த ஆட்டமோ ஒரு தலைமுறைகூடத் தாங்காமற் போவதுண்டு.

ஆகையால், உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசியில் ஆட வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஆடுங்கால், இதன் விதி யாது, இதனை ஆக்கியவன் எவ்விடத்தில் என்னை மடக்குகிறான் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது ஆடுபவன் ஆராய்பவன் ஆவான். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரில் முதியவர் ஒருவரோடு அமர்ந்து, அவருக்குத் தெரிந்த ஓர் ஆட்டத்தை ஆடுங்கள். களத்தை அளவோடு வரைந்து, காய் எத்தனை, முதலில் யார் நகர்த்துவது, எப்போது வெட்டுவது, எப்போது முடிவது என்பவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஊர்ப்பெயரும் தேதியும் குறியுங்கள். பிறகு அத்தாளை மட்டும் மற்றொரு நண்பனிடம் கொடுத்து, ஐயம் கேளாமல் அவனால் ஆட முடிகிறதா என்று பாருங்கள். முடியுமாயின், உங்கள் ஊரின் ஓர் ஆட்டம் பிழைத்தது.